கவிழ்ந்து கிடந்த கல்

நவம்பர் மாதம், பிற்பகல் மூன்றரை. வடகோடியில் கிடக்கிற நம் ஊரில் அந்நேரத்துக்கே இருட்டிவிடும், உங்களுக்குத் தெரியாததா. காட்டுப் பாதை... ஆள் அரவம் இல்லை... ஒரே ஒரு டிராக்டர். ஓட்டி வந்தவன் ஹில்டிங். நம் குன்வோர் இருக்கிறாளே, அவளுடைய கொழுந்தன். அவனே அவளிடம் சொன்னதுதான் இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்த பெரிய பலகைக்கல் ஆட்டம் கண்டிருந்தது. சங்கிலி கட்டிப் புரட்டினான். அடிப்பக்கம் முழுக்கச் செதுக்கல்! வளைந்து நெளிந்த ஒரு பாம்பு, அதன் உடம்பு நெடுக ரூன் எழுத்துகள், நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தி கல்லில் வெட்டினார்களே, அந்த எழுத்து. ஆயிரம் வருஷத்துக் கல். அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். துரை சொல்லவில்லை. வீட்டு வாசலில் நட்டுவைத்தான். களஞ்சியத்துக்கு அடித்ததில் மிஞ்சிய சிவப்புச் சாயத்தை எடுத்துவந்தான். மனைவி சோல்வெய் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க, எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்துத் தீட்டினான்.

ரூன் எழுத்து கொஞ்சம் படிக்கத் தெரிந்தவன்தான். ஆனால் இதில் ஒரு பெயர் தேறவில்லை, ஒரு வார்த்தை தேறவில்லை.

"செதுக்கினவனுக்கு எழுத்தே தெரியாது போல," என்றான்.

"அதை விடு. எழுதிட்டுக் கவுத்துப் போட்டா யாரு படிப்பா?"

"தவளை படிக்கும்."

"உன்னவிட நல்லாவே படிக்கும்," என்று சிரித்தாள் சோல்வெய்.

அந்த வாரமே வீட்டுக்குள் ஒரு நாற்றம். சேறும் அழுகின இலையும் கலந்த நாற்றம். அப்புறம் சத்தம்... சர்ர்... நிற்கும்... மறுபடி சர்ர்... எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் வரிமேல் விரலை நகர்த்துகிற மாதிரி. தரைக்கு அடியில் கேட்டது. பிறகு கதவில். பிறகு நாற்காலி முதுகில். எதையோ தேடியது.

ஒரு சாயங்காலம் சோல்வெய் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கை ஐஸ் மாதிரி இருக்கு ஹில்டிங். முதுகுல கோடு போடாத."

ஹில்டிங் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். முதுகில் சிவந்து தடித்த கோடுகள். அதே பாம்பு, அதே எழுத்துகள். வாசலுக்குப் பாய்ந்து கல்லைத் தடவினான். சாயம் இருந்தது. பள்ளம் இல்லை... வழவழவென்று வெறும் கல். அப்போதே அதை இழுத்துப்போய் ஓடைமேல் பழையபடி கவிழ்த்தான். என்ன பிரயோஜனம்?

மறுநாளிலிருந்து சோல்வெய் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தாள். எழுந்தால் உயிர் போகிற வலி, படுத்தால் இல்லை. அவள் முதுகுக்கு நேர்கீழே, தரைப்பலகைக்கு அடியில், அந்த விரல் ஊர்ந்தது. அது படிக்க, எழுத்து கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதற்கு. கல்லானால் என்ன, மனுஷியானால் என்ன. டாக்டர் வந்து ஒரு களிம்பு கொடுத்துவிட்டுப் போனார்.

"என்னை எங்கயாவது கொண்டு போயிடு," என்று அழுதாள்.

பாவம், அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அள்ளித் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பனி கொட்டியது. காட்டைத் தாண்டியதும் அவள் முனகல் நின்றது.

"வலி போயிடுச்சு ஹில்டிங்... போயே போயிடுச்சு!"

சந்தோஷத்தில் அவனுக்கும் கண் கலங்கியது.

அப்போதுதான்... அவன் பிடரியில்... காலருக்கு உள்ளே... சில்லென்று ஒரு விரல். மெதுவாக ஒரு கோடு இறங்கியது. அடுத்த கோடு.

வண்டியை நிறுத்தினான். பிறகு வந்த வழியே திருப்பினான். விரல் நின்றது.

"ஏன் திரும்புற?"

அவன் வேகத்தைக் கூட்டினான்.

"ஹில்டிங்... ஏன் திரும்புற?"

வீட்டுக்கு வந்ததும் அவளைத் தூக்கிப்போய் அதே தரைப்பலகைமேல் மல்லாத்திப் படுக்கவைத்தான். தலைக்கு ஒரு தலையணை கொடுத்தான். பிறகு, அவள் முதுகுக்கு அடியில் கையை விட்டு, சட்டையை மேலே சுருட்டிவிட்டான்.