அலமாரியில் இருந்த மாத்திரை

— பொய் சொல்லாதீங்கப்பா. அம்மாவோட பிரஷர் மாத்திரை இருபது நாளைக்கு உண்டானது பிரிக்காம அப்படியே கெடக்கு. நர்ஸம்மா கேட்டா, "தெனமும் குடுத்தேன்"னு கூசாம சொல்றீங்க!

— மெதுவாப் பேசும்மா. உள்ள அவளுக்குக் கேட்கும்.

— கேட்கட்டும்! ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணிப் படுத்திருக்காங்க. இதுக்கு மேல என்ன ஆகணும்? யாரு நிறுத்தச் சொன்னது?

— என்னமோ... போன்ல ஒரு வீடியோ வந்துச்சு.

— அப்படிப் போடுங்க!

— மாத்திரை போட்டா கிட்னி போயிடுமாம். ஏதோ விதையை ஊறவச்சுக் குடிச்சா பிரஷர் தானா இறங்கிடுமாம். அவளுக்கும் கால் வீங்கியிருந்துச்சா, பயந்துட்டோம்.

— எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டியதுதானே?

— போட்டேன். "ஸ்டுடியோவுல இருக்கேன், அப்புறம் பேசறேன்"ன்னு வச்சுட்ட.

— வேற என்னப்பா சொல்றது? மைக் முன்னாடி நின்னு, எவனெவனோ எழுதித் தர்றதை நாள் பூரா வாசிக்கிறேன். என்ன வாசிச்சேன்னு சாயந்திரம் கேட்டா எனக்கே நெனப்பிருக்காது.

— உன்னைக் குத்தம் சொல்லலம்மா.

— என்னை ஏன் சொல்லணும்? பத்திரப்பதிவு ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டின மனுஷன் நீங்க. கையெழுத்துல ஒரு சுழி மாறினாலும் ஆளைத் திருப்பி அனுப்புவீங்க. மூஞ்சி தெரியாத எவனோ உளறினதுக்கு அம்மாவைக் காவு குடுத்துட்டீங்களே! எங்க அந்த வீடியோ? குடுங்க போனை.

— அழிச்சுட்டேன்.

— ஏன்? அண்ணன் வந்து பார்த்துடுவான்னா?

— அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிப் போச்சு, அவ்வளவுதான். நீயும் அப்படியே சொல்லிடு. விடும்மா.

— விடறதா? அதுல பேசினது யாரு, டாக்டரா?

— டாக்டர் இல்ல. படம் ஓடுச்சு. பின்னாடி ஒரு பொண்ணு பேசுச்சு.

— பொண்ணா? பெத்த தாய் ஒருத்தி இருந்தா இப்படிப் பேச வாய் வருமா? அவ நாசமாப் போக! அவ நாக்கு அழுகிப் போக!

— ஐயோ, வேணாம்டி கண்ணு, சாபம் விடாத! "நம்ம பாப்பா கொரல்ங்க இது, நமக்கு அவ கெடுதல் சொல்லுவாளா?"ன்னு உங்கம்மாவேதான் மாத்திரையைத் தூக்கி அலமாரியில வச்சா.