யாரும் வராத நேரம்

— ரெங்கசாமிகிட்ட மூலிகை தேடி வந்தேன்னு சொல்லியிருக்கீங்க. கடையில கேட்டதுக்கு ரோட்டு அளக்க வந்தேன்னு சொன்னீங்களாம். எங்கிட்ட என்ன சொல்லப் போறீங்க தம்பி?

— வழிய விடுங்க அக்கா. சும்மா சுத்திப் பாக்க வந்தேன்.

— சுத்திப் பாக்குறவங்க எல்ல டவுனுக்குப் போவாங்க. துன்ஹிந்த அருவிக்குப் போவாங்க. இந்த நமுனுகுல மலையில, லயத்து வீடுகளுக்குப் பின்னாடி, மலைத்தண்ணி கொட்டுற, எங்க பொம்பளைங்க குளிக்கிற பீலியில ஒங்களுக்கு என்ன வேடிக்கை?

— எல்லயில கால் வெக்க ஏலா. அவ்வளவு சனம். கூட்டம் இல்லாத எடமாப் பாத்துத்தான் இங்க வந்தேன்.

— இன்னிக்கோட மூணு செவ்வாக்கெழம. கூட ஒரு ஆள் இல்ல. வேன கோயில் முடக்குல நிப்பாட்டிட்டுத் தனியா ஏறி வர்றீங்க. நான் இன்னிக்குக் கொழுந்து பறிக்கப் போகாம நின்னதே ஒங்களுக்காகத்தான்.

— அதுல என்ன பிழை ஈக்கு?

— வேலாயி மககிட்ட என்ன கேட்டீங்க? அத ஒங்க வாயால சொல்லுங்க.

— என்னத்தக் கேட்டேன், ஒண்டும் இல்லயே…

— சரி, நானே சொல்றேன். பொம்பளைங்க எத்தன மணிக்குக் குளிக்க வருவாங்க, எத்தன மணிக்கு அங்க யாருமே இருக்க மாட்டாங்கன்னு கேட்டிருக்கீங்க. உண்டா இல்லையா?

— கேட்டேன்.

— இது வெறகு வெட்டுற கத்தி. வெறகு மட்டும்தான் வெட்டுவேன், பயப்படாதீங்க. ஆனா பதில் வராம இந்தப் பாதையவிட்டு நகர மாட்டேன். கீழ லயத்து வாசல்ல கந்தப்பன் அண்ணன் நாலு பேரோட நிக்கிறாரு.

— நான் கெட்ட ஆள் இல்ல அக்கா.

— கெட்ட ஆளுன்னு சொல்லிக்கிட்டு யாரும் வர்றதில்ல. போன வருஷம் வந்த ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனாங்க. இவ்வளவு அழகான எடம் யாருக்கும் தெரியாமப் போச்சேன்னு வருத்தப்பட்டாங்க. நாங்களும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தோம். போயி படத்தப் பேஸ்புக்ல போட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நாப்பது பைக் வந்து நிக்குது. போத்தல ஒடச்சுத் தண்ணிக்குள்ள போட்டுட்டுப் போனானுங்க. மூணு மாசம் ஒருத்தரும் அதுல எறங்கல.

— நான் எங்கயும் போட மாட்டேன்.

— அந்தப் படத்துல ஓரமா ஒரு புள்ள தலை தொவட்டிக்கிட்டு நின்னுச்சு. அது என் மக. ஸ்கூல்ல பயலுக போன்ல காட்டிக் காட்டிச் சிரிச்சிருக்கானுங்க. பரீட்சைக்கு நாலே மாசம் இருந்துச்சு. அன்னிக்குப் பொஸ்தகத்த மூடி வச்சவதான்.

— அது எனக்குத் தெரியாது அக்கா.

— இப்பத் தெரிஞ்சிருச்சில்ல. போனக் குடுங்க.

— போன் என்னத்துக்கு?

— குடுங்க… இது என்ன, கல்லு. இதுவும் கல்லு. பீலிக்கு எறங்குற படி பூரா ஒண்ணொண்ணாப் படம் எடுத்து வச்சிருக்கீங்க. ஹோட்டல் கட்ட வர்றவன்தான் இப்படிப் பாப்பான். யாரு அனுப்புனது?

— ஒருத்தரும் அனுப்பல்ல.

— ஹோட்டல் வந்தா மொத வேலையா பீலியச் சுத்தி வேலி போடுவான். லயத்துக் கொழாயில கெழமைக்கு ரெண்டு நாள்தான் தண்ணி. நாங்க அப்பறம் எங்க போயிக் குளிக்கிறது?

— ஹோட்டல் இல்ல அக்கா. எனக்குப் பதுளையில சின்ன செருப்புக் கட ஒண்டு ஈக்கு. எண்ட பேர் ஷாஹ்மி. கடைய செல்லியிருந்தா ஒங்கட லயத்துலயே நாலு பேருக்கு என்னத் தெரிஞ்சிரும். அதுக்குத்தான் பொய் செல்லினேன்.

— செருப்புக் கடைக்காரருக்கு எங்க படி எதுக்கு?

— எண்ட மனிசிக்குக் காட்ட.

— என்னது?

— எத்தன படி, எங்க கை வெச்சிப் பிடிக்கலாம், எங்க வழுக்கும், எல்லாம் கேட்டா. அவட பேர் ஹனா. போன நோன்பு மாசம் காஸ் அடுப்பு வெடிச்சிச்சு. கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் பின்பக்கம் முழுக்க…

— பொய்யா இருந்தா இங்கனயே சொல்லிருங்க.

— பொண்டாட்டி நெருப்புல பத்தினத வெச்சி ஒரு மனிசன் பொய் செல்லுவானா?

— சொல்லுவான். எனக்குத் தெரிஞ்ச ஆம்பளைங்க அதுக்கு மேலயும் சொல்லியிருக்காங்க. வீட்ல தண்ணி இல்லையா அவங்களுக்கு?

— ஈக்கு. கதவ மூடிட்டு வாளியில அள்ளி ஊத்துறா. அவ மொனராகலைக்காரி, ஆத்துல குதிச்சி வளந்தவ. ஒரே ஒரு தடவ தலைக்கு மேல தண்ணி விழ நிக்கணுமாம். ஆனா ஒரு கண்ணும் பாக்கப்படாதாம். கூட்டம் இல்லாத எடம்ண்டு நெட்டுல போட்டிருந்த எல்லாத்துக்கும் போய்ப் பாத்தேன் அக்கா. அப்படிப் போட்டதாலயே அங்க எல்லாம் கூட்டம்.

— அதுக்காகவா யாரும் இல்லாத நேரம் கேட்டீங்க?

— வேற எப்படிக் கேக்க? எண்ட மனிசிட முதுக ஒருத்தரும் பாக்கப்படாதுண்டு ரோட்டுல நிண்டு செல்ல ஏலுமா?

— இப்ப அவங்க எங்க?

— வேனுக்குள்ள. ரெண்டு தடவ நான் மட்டும் வந்து பாத்துட்டுப் போனேன். இண்டைக்குத்தான் அவ வீட்ட விட்டு எறங்கினா.

— இந்தாங்க போன். அவங்களக் கூப்புடுங்க. எனக்கும் கேக்குற மாதிரி வைங்க. நீங்க நடுவுல வாயத் தொறக்கக் கூடாது.

— ஹனா, நான்தான்.

— ஏன் இவ்வளவு நேரம்? அங்க ஆள் ஈக்கிறாங்களா?

— ஒரு அக்கா ஈக்கிறாங்க. ஒன்னோட கதைக்கணுமாம்.

— அப்ப வாணாம். நீங்க எறங்கி வாங்க, திரும்பிப் போவோம். ஆள் இல்லாத எடமே இல்லண்டு நான் அப்பவே செல்லினேன்தானே.

— தங்கச்சி, போன வச்சிறாதீங்க. நான் சிவசக்தி, இந்த லயத்துக்காரி. ஒங்க வீட்டுக்காரர நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க எத்தன படின்னு ஒங்களுக்குத் தெரியுமா?

— அம்பத்திரண்டு.

— எங்க வழுக்கும்?

— முப்பதுக்குப் பொறகு. வலது பக்கம் பெரிய வேர் ஒண்டு ஈக்காம், அதப் பிடிச்சி எறங்கலாம்ண்டார். நாப்பதாவதுல ஒக்காந்துட்டுப் போகலாமாம். ராவெல்லாம் அந்தப் படத்தத்தான் பாத்துட்டு ஈந்தேன்.

— சரிதான். வேர் அங்கதான் இருக்கு.

— அவர ஒண்டும் செய்யாதீங்க அக்கா. நாங்க போறோம்.

— போக வேணாம். கொழுந்து பறிக்க மலைக்குப் போனவங்க நாலரைக்கு முன்னாடி எறங்க மாட்டாங்க. வேனுகிட்டக் கந்தப்பன் அண்ணன் நிப்பாரு, இவரும் அவரோட நிக்கட்டும். நான் பாதைத் தலைப்புல பீலிக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். ஒருத்தரையும் விட மாட்டேன். நானும் திரும்ப மாட்டேன், என் மக மேல சத்தியம். கேக்குதா தங்கச்சி?

— கேக்குது.

— வர்றீங்களா?

— வாறேன். ஆனா நீங்க அங்கிட்டுத் திரும்பி ஒக்கார வாணாம் அக்கா. எனக்குக் கை பின்னால எட்டாது, நீங்கதான் முதுகு தேச்சி விடணும்.