ஓவர்லாக் ஆத்தா

— எந்திரிங்கம்மா. முதலாளியம்மா நீங்க எங் கால்ல விழுகலாமா? நான் ஒங்க பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிசின்ல துணி ஓரம் அடிக்கிற பாண்டியம்மா.

— அதெல்லாம் போன மாசத்தோட போச்சுங்க தாயி. நாப்பது லட்சம் பேரு வீடியோவுல பாத்த ஓவர்லாக் ஆத்தாளுங்க நீங்க. ஆறு மணிக்கு லைவ். எம் பையன் சுரேந்தர் மைக்கெல்லாம் ரெடி பண்ணிட்டான்.

— அதான் ஒங்ககிட்ட வந்தேன். இம்புட்டு நாளா ஒங்க மகன் சொன்னபடி பாட்டுக்கு ஆடிட்டேன். இன்னிக்கு அருள்வாக்கு சொல்லச் சொல்றாரு. என்னால ஆகாதும்மா.

— ஏனுங்க, ஏதாச்சும் கொறை வெச்சுட்டமுங்களா? நீங்க தெச்ச மிசினுக்கு மாலை போட்டு, சுத்தியும் கயிறு கட்டியிருக்கறமுங்க.

— மாலை போட்டுட்டா நான் எதுல தைக்க? ஒரு மாசமா எலுமிச்சம்பழத்தத் தொட்டுத் தொட்டுக் குடுத்து கை புளிச்சுப் போச்சு.

— அது கூரியர்ல துபாய் வரைக்கும் போகுதுங்க. உங்க மொகம் போட்ட டீ-சர்ட்டு மூணு சைசுல ஓடுது. அந்த மொத வீடியோவுல நீங்க பாடி முடியறப்ப ‘ஆத்தா’ன்னு ஒண்ணு எழுப்புனீங்கல்ல, அது என்ன ராகம்னு யூடியூப்ல ஒருத்தரு அர மணி நேரம் பேசறாருங்க.

— அது ராகமில்லம்மா. ஊசி.

— என்னங்க?

— பாடிக்கிட்டே தச்சதுல வெரல உள்ள விட்டுட்டேன். நகத்தத் தொளைச்சிருச்சு. வலி தாங்காம ஆத்தான்னு கத்திக் கைய உதறுனேன். சின்ன முதலாளி செல்லோட நிக்கிறாரு. எனக்குச் சாமி வந்துருச்சுன்னு, துணியில பட்ட ரத்தத்தக் குங்குமம்னு எழுதிப் போட்டுட்டாரு.

— அவங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்கல்ல?

— சொன்னேன். ஆத்தா வெளையாடுறான்னு அதையும் வீடியோவாப் போட்டுட்டாரு.

— அப்ப இன்னிக்கு வாக்குச் சொல்ல மாட்டீங்களாங்க?

— எங்க ஊரு மாரியாத்தாளுக்கு வருசா வருசம் அக்கினிச்சட்டி எடுக்குறவ நான். அவ பேரச் சொல்லிப் பொய் வாக்குக் குடுத்தா எம் புள்ளைக வெளங்காது. இன்னிக்கு லைவ்ல நெசத்தச் சொல்லிருவேன். வேலைய விட்டு நிறுத்துனாலும் சரி.

— பாண்டியம்மா, நெசமாலுமே உனக்குச் சாமி வரலியா?

— ஒரு நாளும் வரலம்மா. என்னம்மா, அழுகுறீங்களா?

— அழுகல கண்ணு, சிரிக்கறேன். இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. போய் அந்தக் கயித்த அவுத்துப் போட்டுட்டு மிசின்ல உக்காரு. சுரேந்தருகிட்ட நான் சொல்லிக்கறேன்.

— கோவமில்லையாம்மா?

— கோவமென்ன? தெனமும் லைவ்ல உம்பக்கத்துல நின்னு நானும் ஆடறனல்ல. எனக்கு மட்டும் சாமி வரமாட்டீங்குதே, ஆத்தாளுக்கு எம்மேல என்ன கோவமோன்னு பயந்துட்டு, உன்னையப் பாத்துப் பாத்துத்தான் ஆடிட்டிருந்தேன்.