பள்ளி வேன் ஓட்டுநரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது குறித்து அவருடைய மனைவி சொன்னது

என் பெயரும் வீட்டு முகவரியும் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்து நான்கு. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறேன். தையல்கார அக்கா என்று கேட்டால் தெருவில் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். என் கணவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநராக இருந்தார். வேன் அவருடையது அல்ல, முதலாளியுடையது. வேன் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன் என்றும், கணவரை வீட்டுக்குள் அடைத்தேன் என்றும் அந்த முதலாளி கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இரண்டும் நடந்தவைதான். தெரிந்தே செய்தேன்.

என் கணவர் கல்யாணமான நாளிலிருந்தே குறட்டை விடுபவர். நான் குறைப்பட்டுக்கொண்டால், "குறட்டை சத்தம் கேட்டாத்தானே நான் உசுரோட இருக்கேன்னு உனக்குத் தெரியும்" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன். இரண்டு வருடங்களாக உடம்பு பெருத்தது, குறட்டையும் பெருத்தது. காலையில் எழும்போதே தலைவலி என்பார். சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டில் இருக்கும், கண் மூடியிருக்கும். எதைக் கேட்டாலும் எரிந்து விழுவார். வயசாகிறது என்று நினைத்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாள், மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் முன்னறையிலேயே பாயில் படுத்திருந்தார். நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். குறட்டை திடீரென்று நின்றது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று பெடலிலிருந்து காலை எடுத்தேன். அப்போதும் சத்தமில்லை. நெஞ்சு மேலே எழும்புகிறது, வயிறு இழுக்கிறது, மூக்கின் அருகே விரலை வைத்தால் காற்று வரவில்லை. அவரைப் பிடித்து உலுக்குவதற்குள், தண்ணீரில் மூழ்கியவர் வெளியே வந்ததுபோல் ஒரு பெரிய மூச்சு எடுத்துத் திரும்பிப் படுத்தார். கண்ணைத் திறக்கவே இல்லை. பிறகு மறுபடி குறட்டை, மறுபடி நிற்பது. அந்தக் காலரை அன்றைக்கு நான் முடிக்கவில்லை.

எழுந்ததும் சொன்னேன். "நீ கனவு கண்டிருப்ப" என்றார். தூங்கியது நான் இல்லையே என்றேன்.

அதற்குப் பிறகு வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். அளவு எடுத்து முடித்தும் போகாமல் நின்றார். பிறகு, ரயில்வே கேட் மூடியிருந்தபோது என் கணவர் ஸ்டீயரிங்கில் சாய்ந்து தூங்கிவிட்டதாகவும், கேட் திறந்து பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்த பிறகே விழித்ததாகவும் சொன்னார். "அது நின்ன வண்டி அக்கா, பரவாயில்ல. போன வாரம் ஓடுற வண்டியிலயே கண்ணு சொருகிடுச்சு. சக்கரம் நடைபாதைல ஏறி எறங்குச்சு. பிள்ளைங்க என்னமோ ராட்டினம்னு நெனச்சு, அங்கிள் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கைதட்டுதுங்க" என்றார். பிள்ளைகள் கைதட்டியதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

அன்று மாலையே நான் கணவரிடம் கேட்டேன். ஒரு நொடி கண் அசந்துவிட்டது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அதைப் பெரிதாக்காதே என்றார். நான் விடவில்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் தொண்டையைப் பார்த்து, கழுத்தை அளந்து, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துச் சோதனை செய்ய வேண்டும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் என் கணவர், "குறட்டைக்கு ஒரு பேரு வெச்சு என் வேலையப் பிடுங்கிடுவாங்க. நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டார்.

அதன் பேரில் நான் முதலாளியின் அலுவலகத்துக்குப் போய், டாக்டர் சொன்னதையும் ஆயா சொன்னதையும் சொல்லி, சோதனை முடியும்வரை வேறு ஓட்டுநரை வைக்கும்படி கேட்டேன். அவர் கையிலிருந்த போனைக் கீழே வைக்காமல், "டிரைவர்னா தூக்கம் வரத்தான் செய்யும். ரெண்டு டீ சேத்துக் குடிக்கச் சொல்லுங்கம்மா. மாத்து ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றார். ஆகவே விஷயம் தமக்குத் தெரியாது என்று அவர் புகாரில் சொல்லியிருப்பது சரியல்ல.

மறுநாள் காலை என் கணவர் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, ஷூ போட நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு வந்து பார்த்தபோது ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னும் சற்று நேரத்தில் முதல் பிள்ளையை ஏற்ற வேண்டும். நான் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். ஆயாவுக்குப் போன் செய்து, இன்று வேன் வராது, பெற்றோரிடம் சொல்லிவிடு என்றேன். காரணம் கேட்டவர்களிடம் ஆயா காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

உள்ளேயிருந்த தம் போனின் மணி கேட்டு என் கணவர் விழித்துக் கதவைத் தட்டினார். "மானத்த வாங்காத, கதவத் தொற" என்று கத்தினார். "மானம் கிழிஞ்சா தைச்சுக்கலாம்ங்க. நீங்க உள்ளயே இருங்க" என்றேன். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். சிலர் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று நான் அசையவில்லை.

பிறகு முதலாளி வந்தார். சாவியைக் கேட்டார். வேறு ஓட்டுநரைக் கூட்டி வாருங்கள், சாவியை அவர் கையில் கொடுக்கிறேன், இவர் கையில் கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் குரல் உயர்ந்தது. திருட்டு என்றார், போலீஸ் என்றார். என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டிக்கு நீ சொல்லமாட்டியா?" என்றார். உள்ளேயிருந்து பதில் இல்லை. சன்னலுக்கு ஓடினேன். இத்தனை கூச்சலுக்கு நடுவில் என் கணவர் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தபடி, ஒற்றைக் காலில் ஷூவோடு தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளியும் சன்னல் வழியாக அதைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மதியத்துக்குள் மாற்று ஓட்டுநர் வந்தார். முதலாளி வரவழைத்த காவலர் முன்னிலையில் வேன் சாவியை அவரிடம் கொடுத்தேன். கதவையும் திறந்தேன். என் கணவர் வெளியே வந்து என்னிடம், "நான் எப்பத் தூங்கினேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு, "நான் எப்பத் தூங்கினேன்னு எனக்கே தெரியல. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

சோதனை அந்த வாரமே நடந்தது. தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டித் தூங்கவைத்தார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது என்று முடிவு வந்தது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுவழி அடைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது, அது அவருக்கே தெரியாது என்று டாக்டர் விளக்கினார். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளா தூங்கவே இல்லம்மா. படுத்திருந்தாரு, அவ்வளவுதான்" என்றார். அதுவரை நான் அவரைத் தூங்குமூஞ்சி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மூக்கில் மாட்டும் முகமூடியும், குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரமும் கொடுத்தார்கள். தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கிறது என்று முதலில் சிரித்தவர், அடுத்தடுத்த நாட்களில் அதைக் கழற்றி எறிந்தார். காற்று கசிந்து கண்ணில் அடித்தது, வார் கன்னத்தை அறுத்தது. ஆஸ்பத்திரியில் முகமூடியின் அளவை மாற்றித் தந்து, பகலில் விழித்திருக்கும்போதே மாட்டிப் பழகச் சொன்னார்கள். நான் வாருக்கு மெல்லிய பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்டேன். அவர் அதை மாட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தார், பீன்ஸ் நறுக்கினார். தபால்காரர் ஒருமுறை பார்த்துப் பயந்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, என் கணவர் எழுந்து வந்து முன்னறையில் நின்று சுவரையே பார்த்தார். "இந்தச் செவுத்துக்கு எப்ப பச்சை அடிச்ச?" என்றார். அடித்து ஒரு வருடம் ஆகிறது. பெயின்ட் டப்பாவைத் தூக்கி வந்தவரே அவர்தான்.

பிறகு டாக்டர் மீண்டும் பரிசோதித்து, இயந்திரத்தைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார், வண்டி ஓட்டலாம் என்று சான்று கொடுத்தார். முதலாளி நேரில் வீட்டுக்கு வந்தார். பெற்றோர் பலர் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டதாகவும், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று நான்கு பேர் முன்னால் சொன்னால் புகாரைத் திரும்பப் பெற்று என் கணவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் பதில் சொல்லுமுன் என் கணவர் குறுக்கிட்டு, "ஓட்டுற வேலை வேற எங்கயும் கிடைக்கும் சார். அவ செஞ்சது தப்புன்னு அவ வாயால சொல்ல வேணாம்" என்றார். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எனக்காக இன்னொருவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போது அவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். என் தையலில் குடும்பம் நடக்கிறது.

முதலாளியிடம் இன்னும் பல ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் சோதனைக்கு அனுப்ப உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கென்று கேட்பதற்கு ஒன்றுமில்லை.

மேலே எழுதியவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அதில் ஓரிடத்தில் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று அதிகாரி எழுதியிருந்தார். அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்றார். அதை அடிக்கச் சொன்னேன். "தெரிந்தே செய்தேன்" என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் அருகிலும் இங்கேயும் கையெழுத்திடுகிறேன். சொன்ன யாவும் நான் கண்டதும் செய்ததும்தான், வேறில்லை.

(ஒப்பம்)