ஹவில்தார் வீட்டு லாரியில் மூன்று லைட்

— கேட்டுக்கோ இம்மானுவேல். போன வாரம் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு லாரிக்கு சர்வீஸ் பாக்கும்போது அங்க யார் யாரு இருந்தாங்கன்னு சொல்லிருதேன். ஹவில்தார் பால்ச்சாமி, அது நான். என் மருமக முனீஸ்வரி, இந்தா நிக்கா. என் வீட்டுக்காரி சண்முகத்தாய், காபி கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டா. அம்புட்டுத்தான். வெளியாளு ஒருத்தன் கை வைக்கல.

— யாரு இருந்தாங்கன்னு நான் கேக்கலய்யா. என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டேன். டேஷ்போர்டுல மூணு லைட்டு எரியுது.

— எரியட்டும். எங்க வேலையில குத்தம் இருக்காது. பட்டாளத்துல அம்புட்டு வருசம் லாரி ஓட்டுனேன், ஒரு நா ஒரு லைட்டு எரிஞ்சது கிடையாது.

— அந்த லாரியில எரியுறதுக்கு லைட்டே கிடையாதேய்யா.

— ஏலே!

— மாமா, மெக்கானிக் அண்ணன் அவரு வேலையப் பாக்கட்டும். நான் சொல்லுதேன்ணே. எஞ்சின் ஆயில் மாத்துனோம். டீசல் பில்டர் மாத்துனோம். மாமா எல்லாச் சக்கரத்துக்கும் கிரீஸ் வச்சாக. பொறவு நான் ஹோஸ் போட்டுக் கழுவுனேன்.

— சரி. வண்டி எங்க மக்கர் பண்ணுச்சு?

— சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ள. புரட்டாசி சனிக்கு அங்க பக்கத்துல திருவண்ணாமல பெருமாள் கோயிலுக்குப் போற கூட்டம் ரோடு பூரா. டிரைவர் சாம்சன்தான் ஓட்டிட்டு வந்தாரு. எம்புட்டு மிதிச்சாலும் வண்டி வேகமே எடுக்கலயாம். ராஜபாளையம் வந்து சேருற வரைக்கும் பின்னால வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சிருக்கான்.

— ஹாரன் அடிச்சது சாம்சனுக்கு இல்லம்மா, நமக்கு. லாரி நெத்தியில எங்க அப்பா பேரு எழுதியிருக்கு. அந்தப் பேரு மாட்டு வண்டிக்குப் பின்னால ஊந்துக்கிட்டு வந்துச்சு. தளவாய்புரம் பஸ்ஸுல இருந்து சமுத்திரம் எட்டிப் பாத்துச் சிரிச்சானாம்.

— சமுத்திரம் யாருய்யா?

— எங்க அண்ணன் மகன். எம் மகன் பாண்டிதுரை பட்டாளத்துல இருக்கான், லாரிய இவ பாத்துக்கிடுதா. அது சமுத்திரத்துக்குப் பொறுக்கல. பொம்பளையால முடியாது, எங்கிட்ட விடுங்க சித்தப்பான்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கான். இவ கையில ஒரு சின்னப் பிசகு நடந்தாப் போதும், நாலு பெரிய ஆளக் கூட்டிக்கிட்டு வந்து சாவிய வாங்கிட்டுப் போயிருவான்.

— பாத்துருவோம். மொத லைட்டு ஏ.பி.எஸ்., பிரேக்குக்கு உள்ளது. பின்னால இடது சக்கரத்துல ஒயரு தொங்குது பாருங்க. கிரீஸ் வைக்கக் கழட்டுனவரு திரும்ப மாட்டல.

— எலி கடிச்சிருக்கும்.

— எலி கடிச்சா அந்து தொங்கும்யா. இது கிளிப்ப நோகாமக் கழட்டி, துணி சுத்தி, ஓரமாக் கட்டி வச்சிருக்கு. முடிச்சப் பாத்தா பட்டாளத்து எலி மாதிரி தெரியுது.

— பேச்சக் கொறைச்சு ஒயர மாட்டுலே.

— மாட்டியாச்சு, ஸ்கேனர்லயும் அழிச்சாச்சு. ரெண்டாவது, டீசல்ல தண்ணி இருக்குன்னு காட்டுது.

— அதத்தான் நான் சனிக்கிழமையே சொன்னேன்! லைட்டப் பாத்ததுமே லோடு புரோக்கர் தங்கச்சாமிக்குப் போன் போட்டேன். சாம்சன் டீசல எடுத்து வித்துட்டு தண்ணிய ஊத்திட்டான், எங்க வீட்டு மேல குத்தம் இல்லன்னேன்.

— செத்த நேரம் பொறுங்க. பில்டருக்கு அடியில திருகத் திறந்து வடிச்சுப் பாக்கேன். சுத்தமான டீசல். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா சென்சார் பிளக்குக்குள்ள தண்ணி நிக்கி. ஹோஸ் தண்ணிம்மா. தொடச்சா லைட்டு அணைஞ்சிரும். இந்தா, அணைஞ்சிருச்சு.

— அப்ப சாம்சன் அண்ணன் தண்ணி கலக்கல.

— கலக்கல. மூணாவதுதான் வண்டிய மடக்குனது. யூரியா லைட்டு. புகையச் சுத்தம் பண்ணத் தனியா ஒரு தொட்டி இருக்குல்லா, நீல மூடி. அதுக்குன்னு கேன்ல விக்கிற யூரியாத் தண்ணி சரியில்லன்னா வண்டி தானா வேகத்தக் கொறைச்சுக்கிடும். மூடியத் திறக்கேன். அய்யா, செத்த மோந்து பாருங்க.

— வேப்பெண்ணெ.

— லாரிக்குள்ள வேப்பெண்ணெ எப்படி வரும்? வயலுக்குப் போடுற யூரியாவுலதான் இப்ப வேப்பெண்ணெ தடவி வருது. அதக் கரைச்சு ஊத்தியிருக்கு.

— அப்ப இது சாம்சன் வேலை. கேன வித்துட்டு இத ஊத்திட்டான்.

— அவனுக்கு வயலு ஏதுய்யா, யூரியா மூட்டைக்கு? ஞாயித்துக்கிழமை அவன் எங்கூட சர்ச்சுல இருந்தான்.

— மாமா.

— நீ சும்மா இரு.

— மாமா, ஊத்துனது நான். கேன் தீந்து போச்சு. கடை அடைச்சிருந்துச்சு. கேன் மேலயும் யூரியான்னுதான போட்டிருக்கு, நம்ம கொட்டகையில மூட்டையே கிடக்கேன்னு நெனச்சேன். கரைச்சு, மெதந்த எண்ணெய அகப்பையில எடுத்துட்டு, துணியில ரெண்டு மூணு தடவ வடிகட்டித்தான் ஊத்துனேன். நீங்க அப்ப சக்கரத்துக்கு அடியில படுத்துக் கிடந்தீக.

— எந்தத் துணியில?

— உங்க மயில்கண் வேட்டி.

— அதத்தான் நான் வீடு பூரா தேடுதேன்! ஏட்டி, லாரி என்ன நெல்லு நாத்தா, உரம் போட்டு வளக்க?

— தப்புத்தான் மாமா. அண்ணே, வண்டி பொழைச்சுக்கிடுமா?

— தொட்டிய இறக்கிக் கழுவணும். குழாயெல்லாம் அலசி, பில்டர் மாத்தி, சரியான சரக்கு ஊத்தணும். பம்பு தப்பிச்சிருந்தா வண்டி தப்பிச்சிரும். ஆனா சாம்சன் தப்பிக்கல. இன்னைக்குக் காலையில வேற லாரிக்கு லோடு ஏத்தப் போனவன தங்கச்சாமி திருப்பி அனுப்பிட்டாரு. டீசல்ல தண்ணி கலந்தவன்னு லாரி ஸ்டாண்டு பூரா பேச்சு. இனி அவனுக்கு ராஜபாளையத்துல எவன் சாவி குடுப்பான்?

— ஸ்டாண்டு பூராவா?

— டீக்கடையிலயும்.

— நான் தங்கச்சாமிட்ட மட்டும்தானப்பா சொன்னேன்.

— தங்கச்சாமிட்டச் சொன்னா மைக்குல சொன்ன மாதிரிய்யா.

— மாமா, உங்க செல்லு அடிக்குது. தங்கச்சாமி அண்ணாச்சிதான். எங்கிட்டக் குடுங்க, நான் உள்ளதச் சொல்லிருதேன். சமுத்திரம் மச்சான் சிரிச்சாச் சிரிக்கட்டும். லாரிய வாங்கிட்டுப் போனாலும் போகட்டும். ஒருத்தர் பொழப்புல மண்ணப் போட்டுட்டு நான் வண்டி நடத்த மாட்டேன்.

— கைய எடு. போன் வந்தது எனக்கு.

— மாமா, மறுபடியும் சாம்சன் அண்ணன் மேல...

— கைய எடுன்னு சொன்னேன். அலோ, தங்கச்சாமியா? பால்ச்சாமி பேசுதேன். ஆமா, பட்டறையிலதான் நிக்கேன். பக்கத்துல யாரு சிரிக்கா? சமுத்திரமா? நல்லதாப் போச்சு, அவனும் கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடு. சாம்சன் டீசல்ல தண்ணி கலந்தான்னு நான் சொன்னது பொய். அவன் ஒரு சொட்டுக் கலக்கல. நாளைக்கு லோடு அவனுக்குத்தான். வயலு யூரியாவக் கரைச்சு லாரியில ஊத்துனது நான். வேற யாரும் இல்ல, நான். என் வேட்டியிலதான் வடிகட்டுனேன், வேணும்னா வந்து மோந்து பாரு.