பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம்

டிஷ்யூ பெட்டியை எங்கே வைப்பது என்பதில் எங்கள் தொழிலில் இரண்டு கட்சிகள் உண்டு. அழ வருகிறவரின் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அப்படி வைத்தால் அழச் சொல்லி உத்தரவு போட்டதாகிவிடும், தள்ளி வைக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. உங்கள் அறையில் பெட்டியே இல்லை, ஐயா. இங்கே அழுகிறவர்கள் சட்டைக் கையில் துடைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. கவனித்துப் பழகிவிட்டது.

பதினான்கு வருடமாகத் துக்க ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கணவனையோ மனைவியையோ விபத்தில் இழந்தவர்கள் என்னிடம் வருவார்கள். வந்தவர்கள் யாரும் என்னை விட்டுப் போனதில்லை. ஒரு டீச்சர் பதினோரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். அவருடைய பையன் இருந்திருந்தால் இப்போது காலேஜில் இரண்டாம் வருடம். என்ன படித்திருப்பான் என்று போன மாதம்தான் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இப்படி ஒரு பிடிப்பு எல்லோருக்கும் அமையாது.

பக்கத்து அறைக்கு மேடம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் இரண்டாவது கட்சி. பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்திருப்பார். கேட்டால், "எழுந்து போய் எடுக்கறதுக்குள்ள பாதி அழுகை நின்னுடும் சார்" என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. போனவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு காலி நாற்காலியிடம் பேசச் சொல்வது பழைய முறைதான், எல்லோரும் செய்கிறோம். மேடம் என்ன செய்வாரென்றால், பேச வேண்டியது எல்லாம் பேசித் தீர்ந்த நாளில், அந்த நாற்காலியை வந்தவரையே தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் வைக்கச் சொல்வார். வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான், சிகிச்சை முடிந்தது. வராந்தாவில் அது வைக்கப்படும் இடம் சரியாக என் அறை வாசல். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது நான் அதில் முட்டிக்கொள்வேன்.

சுவர் மெல்லிசு. என் அறையில் அழுகை நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். துக்கத்துக்கு வந்த இடத்தில் என்ன சிரிப்பு என்று எனக்குத் தோன்றும். வரவேற்பில் இருக்கும் அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருநாள் என்னிடமே சொன்னார்: "உங்க ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க சார். அவங்க ஆளுங்க போயிட்டே இருக்காங்க." நான் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் வயிற்றில் எரிந்தது. எனக்கு அல்சர் உண்டு, அதுவாகவும் இருக்கலாம்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு பூனையைக்கூட அடித்ததில்லை. மனைவி ஸ்டாப்பில் நின்று இவருக்காகக் காத்திருந்தபோது, இவர் டிப்போவில் நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டு அரட்டையில் இருந்தார். அந்த அம்மா போனில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. பஸ் வருகிறதா என்று பார்க்க அந்த அம்மா சாலையில் இறங்கியபோது ஒரு வேன் வந்துவிட்டது. அன்று முழுக்க இவர் கேட்காத அந்தப் பதிவை அதற்குப் பிறகு தினமும் நாற்பது ஐம்பது தடவை கேட்டிருக்கிறார்.

என் யோசனைப்படிதான் தன் போனிலிருந்து அதை அழித்தார். மனைவியின் போனைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தார். "நானே கேட்டாலும் குடுக்காதீங்க சார். ஆனா நம்பர் மட்டும் உயிரோட இருக்கட்டும். வேற யாருக்கோ போயிடக் கூடாது." இந்த மாதிரி பொருட்களுக்கென்றே என்னிடம் ஒரு அலமாரி இருக்கிறது. குழந்தைச் செருப்பு, கண்ணாடி, பாதி பின்னிய ஸ்வெட்டர். ஆறு வருடம் அந்த எண்ணைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஆறு வருடமும் வியாழக்கிழமை நான்கு மணிக்கு டிரைவர் வந்தார், அழுதார், போனார்.

அப்புறம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் படுக்கை. என் ஆட்களை மேடம் பார்த்துக்கொண்டார்.

கட்டுப் போட்ட காலோடு திரும்பி வந்த அன்று, என் வாசலில் நாற்காலி இருந்தது. வைத்துவிட்டு நிமிர்ந்தவர் டிரைவர். புது ஷூ போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"என்ன சார், நீங்களும் பிரேக் டவுனா?" என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு ஜோக் அடித்ததில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ரொம்ப நல்லா கேட்டுகிட்டீங்க சார். மேடம்தான் என்னைப் பேச வெச்சாங்க."

மேடத்திடம் எட்டு முறைதான் வந்திருந்தாராம். நான் அவருக்குக் கொடுத்தது ஏறக்குறைய முந்நூறு வியாழக்கிழமைகள்.

அடுத்த வாரம் அந்த அம்மாவின் சிம்மை என்னுடைய பழைய போனில் போட்டேன். குரல் பதிவையும் அதில் ஏற்றிக்கொண்டு, அந்த அம்மாவின் போனை அலமாரியிலேயே திருப்பி வைத்தேன். முதலில் டிரைவருக்கு வெறும் மிஸ்டு கால். மூன்றாம் நாள் அவர் எடுத்ததும் முதல் இரண்டு சொற்களை மட்டும் ஓடவிட்டேன். "எங்க இருக்கீங்க?" அவ்வளவுதான். அது ஒரு விசாரிப்புதானே, ஐயா.

மறுநாள் காலை என் அறைக்கு ஓடி வந்தார். ஷூவுக்கு லேஸ் கட்டியிருக்கவில்லை. "அந்த போன் உங்ககிட்டதானே சார் இருக்கு?" என்று கேட்டார். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சார்ஜ் செத்து, தூசி படிந்து கிடந்தது. இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. மேடம்கிட்ட சொல்லிடாதீங்க சார். பாவம், அவங்க மனசு விட்டுடுவாங்க."

சொல்லவில்லை. நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். பெட்டியைக் கைக்கு எட்டும்படி நகர்த்தினேன். வியாழக்கிழமை நான்கு மணி மறுபடியும் அவருடையதாயிற்று.

மேடம் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார்: "அவர் ஏன் சார் திரும்ப வர்றார்? நான் எங்கயாவது அவசரப்பட்டுட்டேனா?"

"இதெல்லாம் சகஜம்மா. சிலருக்கு நேரம் எடுக்கும்" என்றேன். அவர் கண் கலங்கியது. என் அறையிலிருந்து பெட்டியை எடுத்து வந்து நீட்டினேன். அவருக்கும் கைக்கு எட்டுகிற தூரம்தான் வசதியாக இருந்தது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்து வாரம் அப்படியே போயிற்று. தொடர்ந்து அப்படியே போயிருந்தால் நீங்களும் நானும் சந்தித்தே இருக்க மாட்டோம். ஆறாவது வியாழக்கிழமை டிரைவர் அழவில்லை. எழுந்து போகும்போது சொன்னார்: "திங்கட்கிழமை மேடத்தைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன் சார். போன் வந்ததையும் சேர்த்து. அவங்க திட்டினாலும் பரவாயில்ல. அவங்ககிட்ட பேசினா தூக்கம் வருது."

தூக்கம் வருகிறதாம். போய்ட்டு வாங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. துணி உலர்த்திவிட்டு வந்து அந்த சிம் போட்ட போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். இந்த முறை பதிவை முழுதாக ஓடவிட்டேன். "எங்க இருக்கீங்க? நான் ஸ்டாப்லதான் நிக்கறேன். மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் வாங்க." வைத்துவிட்டேன். வெளியே நல்ல வெயில்.

இருபது நிமிடத்தில் அந்த போன் அடித்தது. அவர்தான். எடுத்தேன்.

"வந்துட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது. பின்னால் வண்டிச் சத்தம். "ஸ்டாப்புக்கு வந்துட்டேன். நீ எங்க நிக்கறே? எதிர்ப்பக்கமா?"

நான் பேசவில்லை. ஒருவர் மனம் திறக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

"டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். தப்புதான். இனிமே உன்னை நிக்க வைக்க மாட்டேன். நீ அங்கயே இரு. இறங்காதே. நான் வரேன்."

முப்பத்தொரு வருடம் சாலையை மட்டுமே பார்த்தவர் அன்று எதிர்ப்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார். நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். என் குரல் அவருக்குத் தெரியும், நின்றிருப்பார். நின்று, திங்கட்கிழமை பக்கத்து அறைக்குப் போயிருப்பார். அதையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஹாரன் சத்தம், பிரேக் சத்தம், அதற்குப் பிறகு யார் யாரோ ஓடிவரும் சத்தம் எல்லாம் கேட்டது. நான்தான் கடைசியில் போனை வைத்தேன்.

மேடம் வேலையை விட்டுவிடப் போகிறாராம். தன்னால்தான் டிரைவர் போய்விட்டார் என்று அழுதுகொண்டே இருக்கிறாராம். வெளியே வரவேற்பு அக்கா உங்கள் காவலரிடம் சொன்னது காதில் விழுந்தது. மேடத்தை என்னிடம் வரச் சொல்லுங்கள். வியாழக்கிழமை நான்கு மணி இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

டிரைவருடைய போன் உங்கள் மேசையில் இருக்கிறது. திறந்து பாருங்கள், ஐயா. மேடத்தின் எண்ணும் அதில் இருக்கும். ஆனால் கடைசி நேரத்தில் அவர் கூப்பிட்டது என்னைத்தான்.