ஏழு பேர் கேட்ட கிட்டார்

இரவு பதினொன்றேகால். ஏழாயிரம்பண்ணையிலிருந்து சிவகாசிக்குப் போகும் மண்பாதை. நிலா இல்லை. இரண்டு பக்கமும் காய்ந்த பருத்திமார் நிற்கும் கரிசல். பாதையோரத்தில் ஒரு மைல்கல். அதன்மேல் ஒரு மனிதர். மடியில் கிட்டார். காலடியில் ஒரு மரப்பெட்டி…

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் யாரும் முதுகைக் காட்ட வேண்டாம். இது நான் கட்டிய கதை இல்லை. என் சிநேகிதன் மாணிக்கராஜின் தாய்மாமனுக்கு நடந்தது. மாமன் பெயர் சேசுராஜ். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, பங்குனி மாதம்.

சேசுராஜ் கொழும்பில் ஒரு ஓட்டலில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். அந்த ஓட்டலை மூடியதும் சொந்த ஊரான விருதுநகருக்குத் திரும்பினார். கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. கொண்டுவந்த சொத்து இரண்டுதான். ஒரு மின்சாரக் கிட்டார். அதற்கு ஒரு ஆம்பிளிஃபயர். சாம்பல் துணி ஒட்டிய மரப்பெட்டி, உள்ளேயே ஸ்பீக்கர், முன்னால் மிளகாய்ப்பழ அளவில் ஒரு சிவப்பு பல்பு. பேட்டரியில் மாட்டித் திருகினால் வால்வு சூடாக ஒரு நிமிஷம் ஆகும். ம்ம்ம்… என்று ஒரு முனகல். பிறகு முதல் கம்பியைத் தொட்டால் போதும். ஓடுகிற மாடு நிற்கும்.

நான் மிகைப்படுத்தவில்லை. நாகசுரக்காரர் லட்சுமிகாந்தம், யாரையும் லேசில் மெச்சாதவர், ஒருநாள் ஒரே ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். தட்டிய விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வாத்தியாரே, இதுல தப்பா வாசிக்கணும்னாதான் கஷ்டப்படணும் போலிருக்கே" என்றார்.

ஆனால் அந்த முதல் சுரத்தோடு சரி. விருதுநகரில் மைக்செட் வைத்திருந்த சங்கிலிமுத்துதான் சேசுராஜை விசேஷங்களுக்கு அழைத்துப் போவார். எதற்கு? கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்கு. பந்தலில் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். சேசுராஜ் ஒரு சுரம் வாசிப்பார். கப்பென்று அடங்கிவிடும். உடனே சங்கிலிமுத்து கையைத் தூக்குவார். "போதும் வாத்தியாரே!" அடுத்த நொடி இசைத்தட்டில் முள் விழும், சினிமாப் பாட்டு அலறும், சேசுராஜ் ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக உட்காருவார். எத்தனை கல்யாணம், எத்தனை பொங்கல்! எல்லா இடத்திலும் ஒரு சுரம். ஒரு "போதும்".

அவர் சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டி வைத்திருந்தார். பத்து நிமிஷம் ஓடும். கப்பலில் திரும்பி வரும்போது மனதில் விழுந்த மெட்டு. அதை முழுசாகக் கேட்டவர் இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை. அக்காள் மகன் மாணிக்கராஜ்கூடப் பாதியில் தூங்கிவிடுவான். ஒரே ஒரு ஆள் கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. வேறு எந்த ஆசையும் இல்லை. பாவம்தான்.

அன்றைக்கு ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால் ஒரு கோவில் பொங்கல். முடிந்து திரும்பும்போது ஒற்றை மாட்டு வண்டியில் நிறைய லோடு. குழாய் ஸ்பீக்கர், பேட்டரி, இசைத்தட்டுப் பெட்டி, மூங்கில் எல்லாம். பாதி வழியில் மாடு மூச்சு வாங்கியது. சேசுராஜ் இறங்கிக்கொண்டார். ஆம்பிளிஃபயரையும் இறக்கிக்கொண்டார். லோடுக்கு மேல் வைத்தால் குலுங்கி வால்வு போய்விடும் என்று பயம்.

"இங்கனயே இருங்க வாத்தியாரே. சாமானை அடுத்த ஊர்ல எறக்கிப் போட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்து கூட்டிக்கிடுதேன்" என்றார் சங்கிலிமுத்து.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. கிறீச்… கிறீச்… அப்புறம் அதுவும் இல்லை.

இருட்டில் தனியாக இருக்கிற மனிதன் என்ன செய்வான்? பீடி பிடிப்பவன் பீடி பிடிப்பான். இவர் கிட்டாரை மடியில் எடுத்து ஒயரை மாட்டினார். பெட்டியின் திருகை வழக்கம்போல் திருகினார். ஒரு நிமிஷம். சிவப்பு பல்பு எரிந்தது. ம்ம்ம்… என்று முனகியது.

நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ… அவர் கவனிக்கவில்லை.

முதல் சுரத்தை வாசித்தார். கரிசல் முழுக்கப் போய் விழுந்தது. பழக்க தோஷம், கை தானாக நின்றுவிட்டது. "போதும்" வரும் என்று காது காத்திருந்தது.

வரவில்லை.

அதற்குப் பதில் ஒரு வாடை வந்தது. கந்தகம். அதோடு காகிதம் ஒட்டுகிற பசையின் புளித்த வாடை. பிறகு பாதைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், மெதுவாக.

"ஏன் நிப்பாட்டிட்டீக? முழுசா வாசிங்க."

சேசுராஜ் நிமிர்ந்து பார்த்தார். பாதைக்கு அப்பால் பாதி இடிந்த சுவர். சுவருக்கு முன்னால் ஆட்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் கைகள் மட்டும் மினுமினுத்தன. பக்கத்து ஊர்க்காரர்கள், பொங்கலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கத்தான் ஆசைப்பட்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் "முழுசா வாசிங்க" என்று சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்.

வாசித்தார். கண் கலங்க வாசித்தார். கப்பல், கடல், அக்கரையில் விட்டுவந்த தெரு எல்லாம் விரலில் வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் இருமக்கூட இல்லை. கூட்டம் என்றால் ஒரு இருமல் இருக்கும், ஒரு பிள்ளை அழும், ஒருவர் வெற்றிலையைத் துப்புவார். இங்கே ஒன்றும் இல்லை. முதலில் அது அவருக்குப் பெருமையாக இருந்தது. போகப் போக அந்த அமைதி சரியாகப் படவில்லை.

அப்போதுதான் எண்ணினார். இந்தப் பக்கம் நாலு பேர் நெருக்கமாக. நடுவில் பத்தடி இடைவெளி. அந்தப் பக்கம் மூன்று பேர். மூன்றாம் ஆளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மெட்டு முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுரம்.

"முடியப்போகுதுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா தாயி. இன்னும் ஒண்ணுதான்."

"அப்ப முடிச்சிட்டு இங்கன வந்து உக்காந்துக்கோங்க. ரூமுக்கு நாலு பேருல்ல… எங்க ரூம்ல ஒரு ஆளு கொறையுது."

காலியாக இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். உள்ளங்கை முழுக்க வெள்ளியாக மின்னியது. பட்டாசில் சேர்க்கிற அலுமினியப் பொடி. பட்டாசு மருந்து கலக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார விடமாட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சேசுராஜுக்கும் தெரியும். அவருக்குப் புரிந்துவிட்டது.

கை அந்தரத்தில் நின்றது. கடைசிச் சுரத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அதை வாசித்தால் எழுந்து போய் உட்கார வேண்டும்.

"மிச்சத்த… இன்னொரு நாள் வந்து வாசிக்கேன் தாயி."

பெட்டி மட்டும் முனகியது.

"பாட்டு முடியலைல்ல… அப்ப உக்காந்திருக்கோம். வருவீகள்ல?"

"வருவேன்" என்றார். வேறு என்ன சொல்வார்?

லாந்தர் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. சங்கிலிமுத்துவின் வண்டி. சேசுராஜ் திரும்பிப் பார்த்தபோது எதிரே இடிந்த சுவர்தான் இருந்தது.

"இந்த இடத்துலயா விட்டுட்டுப் போனேன்!" என்று சங்கிலிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "போன தீவாளி சீசன்ல இங்கன ஒரு கம்பெனியில ரெண்டு ரூமு வெடிச்சுப் போச்சு வாத்தியாரே. ஏழு பேரு. எட்டாவது ஆளு அன்னைக்கு வேலைக்கு வரலையாம், பொழச்சுக்கிட்டான்." பேசிக்கொண்டே பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "பேட்டரி எல்லாம் வண்டியோட போயிருச்சே… இது எப்படி எரியுது?"

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பல்பு மெல்ல மங்கி அணைந்தது.

அதற்குப் பிறகு சேசுராஜ் மைக்செட்டுக்குப் போகவில்லை. மாதா கோவிலில் பாடகர் குழுவுக்கு மட்டும் வாசித்தார். எந்தப் பாட்டானாலும் கடைசிச் சுரம் வரும்போது கையை எடுத்துவிடுவார். ஆர்மோனியக்காரர் சுந்தர்ராஜ் அந்த ஒன்றை இட்டு நிரப்புவார். சனங்கள் சிரித்தார்கள். கிறுக்கு என்றார்கள். மாணிக்கராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டான். மாமன் எல்லாவற்றையும் சொன்னார்.

"பயந்துதான் ஓடி வந்தேன் மாப்ளே. ஆனா ஒண்ணு… அந்த ஏழு பேரு மாதிரி என் பாட்டை ஒருத்தரும் கேட்டதில்ல."

எட்டு வருஷம் இப்படியே போனது. ஒற்றை அறை வீடு. ஒற்றைத் தட்டு. ஞாயிறு தவிர யாரும் கதவைத் தட்டுவதில்லை. அறுபத்தொன்பது தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை ராத்திரி, பக்கத்து வீட்டுப் பாலம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டார் கேட்டு விழித்துக்கொண்டாள். பத்து நிமிஷம் ஓடியது. அவள் கேட்டிராத மெட்டு. முடிகிற இடத்தில் நின்றது. வழக்கம்போல நிறுத்திவிட்டார் என்று திரும்பிப் படுத்தாள்.

அப்போது அந்தக் கடைசிச் சுரம் வந்தது. நிதானமாக… சுத்தமாக.

பரவாயில்லையே, ஒருவழியாக முடித்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். காலையில் கதவு திறந்து கிடந்தது. சேசுராஜ் தரையில் சம்மணமிட்டு, சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. கிட்டார் ஆணியில் தொங்கியது. அந்த வீட்டில் மின்சாரமும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஆனால் பெட்டியைத் தொட்ட பாலம்மாள் கையை உதறினாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே வியாழக்கிழமை ராத்திரி. சங்கிலிமுத்து ஒரு கல்யாணம் முடிந்து ஏழாயிரம்பண்ணைப் பாதையில் வந்துகொண்டிருந்தார். விருதுநகரில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் மத்தியானம்தான் தெரியும். அந்த மைல்கல் பக்கத்தில் மாடு நின்றுவிட்டது. அடித்தாலும் நகரவில்லை. கந்தக வாடை. இடிந்த சுவருக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கண் தானாக எண்ணிவிட்டது. இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம்…

நாலு.

கடைசியில் உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் மெதுவாக இவர் பக்கம் திரும்பினார். பழகின குரல். கோபமே இல்லை அதில்.

"போதுமா, சங்கிலி?"